சர்ச் வசதியைச் சொல்லாமல் மாற்றலாமா?

பல ஆண்டுகளாக நீங்கள் போய் வரும் ஒரு நூலகத்தை நினைத்துக் கொள்ளுங்கள். வாசலை ஒட்டி, சிறு சிறு டிராயர்கள் கொண்ட மர பீரோவில் நூல் பட்டியல் கார்டுகள் இருக்கும். ஆசிரியர் பெயர், தலைப்பு, பொருள் என எதை வைத்துத் தேடினாலும் அலமாரி எண் கிடைத்துவிடும். ஒரு திங்கட்கிழமை போகிறீர்கள். பீரோவைக் காணோம். நூல்கள் எல்லாம் அப்படியே உள்ளன. ஒரு நூலைக்கூட யாரும் எடுத்துச் செல்லவில்லை. ஆனால், உங்களுக்கு வேண்டிய நூல் எங்கே இருக்கிறது என்று அறிய வழியில்லை. அறிவிப்புப் பலகையிலும் ஒன்றும் எழுதப்படவில்லை. கேட்டால், "பெரும்பாலானவர்கள் கார்டு பார்ப்பதில்லை. அதனால் எடுத்துவிட்டோம்" என்று பதில் வருகிறது. உங்களுக்குக் கோபம் வருமா, வராதா?

இன்டர்நெட்டில் இது பலமுறை நடந்திருக்கிறது. புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய பலரும் முதல் வாரத்திலேயே ஏதாவது ஒரு சமூக வலைத்தளத்தில் அக்கவுண்ட் தொடங்கிவிடுகிறார்கள். படம் போடுகிறோம், எழுதுகிறோம், நண்பர்களைச் சேர்க்கிறோம். அந்தத் தளத்தின் மேலாக ஒரு சிறிய கட்டம் இருக்கும். அதுதான் சர்ச் பாக்ஸ். அதில் ஒரு சொல்லை டைப் செய்து என்டர் தட்டினால் விடை வருகிறது. வராவிட்டால், "அப்படி எதுவும் இல்லை போலிருக்கிறது" என்று விட்டுவிடுகிறோம். இந்த இடத்தில்தான் நாம் ஏமாறுகிறோம். இல்லாத ஒன்றுக்கும், இருந்தும் காட்டப்படாத ஒன்றுக்கும் வேறுபாடு தெரியாமல் போகிறது.

பேஸ்புக்கில் நடந்தது என்ன?

2013 ஆம் ஆண்டு ஜனவரி 15 அன்று பேஸ்புக் நிறுவனத்தின் தலைவர் மார்க் ஸக்கர்பெர்க், கிராப் சர்ச் என்ற புதிய தேடல் வசதியை அறிமுகம் செய்தார். முன்பு கூகுள் நிறுவனத்தில் பணியாற்றிய லார்ஸ் ராஸ்முசன், டாம் ஸ்டாக்கி ஆகிய இருவரின் தலைமையில் இது உருவானது. சாதாரண சர்ச்சில் நாம் ஒரு சொல்லைத் தருவோம். அந்தச் சொல் உள்ள பக்கங்கள் கிடைக்கும். கிராப் சர்ச் அப்படி அல்ல. மனிதர்கள், ஊர்கள், படங்கள், லைக்குகள் ஆகியவற்றுக்கு இடையே உள்ள தொடர்புகளை அது தேடியது. "இந்த ஊரில் வசிக்கும், இந்தப் பாடகரைப் பிடித்த என் நண்பர்கள்" என்று ஒரு வாக்கியமாகவே கேட்கலாம். பட்டியல் வந்து நிற்கும்.

அந்தத் தேடல் வசதி ஆர்ப்பாட்டமாக வந்தது. ஆனால், நிலைக்கவில்லை. 2014 டிசம்பரில் பேஸ்புக் தன் சர்ச் அமைப்பைச் சொற்களைக் கொண்டு தேடும் முறைக்குத் திருப்பியது. வாக்கியமாகக் கேட்பது மெல்ல மறைந்தது. ஆனாலும், உள்ளே இருந்த இயந்திரம் நிற்கவில்லை. அதனை இயக்கத் தெரிந்தவர்கள் பிரவுசரின் அட்ரஸ் பாரைப் பயன்படுத்தினார்கள்.

இது எப்படி என்று சுருக்கமாகப் பார்க்கலாம். பேஸ்புக்கில் ஒவ்வொரு அக்கவுண்ட்டுக்கும் ஓர் எண் உண்டு. தள முகவரியை அடுத்து "சர்ச்" என்ற சொல், பின்னர் அந்த எண், அதன் பின்னர் "போட்டோஸ் லைக்டு" என்பது போன்ற கட்டளைச் சொல் என அமைத்து என்டர் தட்டினால், அந்த நபர் லைக் செய்த படங்கள் வரிசையாக வரும். இரண்டு கட்டளைகளை இணைத்து, இரண்டிலும் பொருந்துவதை மட்டும் பெறவும் வழி இருந்தது. இந்த நீண்ட முகவரிகளைத் தானாக அமைத்துத் தரும் இலவச தளங்களும் இருந்தன. பெல்ஜியம் நாட்டில் 2017ல் உருவான ஸ்டாக்ஸ்கேன் அவற்றில் ஒன்று.

2019 ஜூன் மாதத்தில் திடீரென இந்த முகவரிகள் வேலை செய்வதை நிறுத்தின. முன்னறிவிப்பு எதுவும் இல்லை. அன்றைய தேதியில் ஒரு வரிகூட வெளியிடப்படவில்லை. பயன்படுத்தியவர்கள் முதலில் தங்கள் கம்ப்யூட்டரில்தான் ஏதோ கோளாறு என்று எண்ணினார்கள். ஒருவரை ஒருவர் விசாரித்த பின்னரே, எல்லோருக்கும் இப்படித்தான் என்பது தெரிந்தது. பத்திரிகைகள் கேட்ட பிறகுதான் பேஸ்புக் வாய் திறந்தது. பெரும்பாலான பயனாளர்கள் சொற்களைக் கொண்டே தேடுகிறார்கள், எனவே கிராப் சர்ச்சின் சில பகுதிகளை நிறுத்தி வைத்திருக்கிறோம் என்பதே விளக்கத்தின் சாரம்.

யாருக்கு நஷ்டம்?

"இத்தனை சிக்கலான முகவரியை யார் டைப் செய்வார்கள்? நமக்கு என்ன நஷ்டம்?" என்று உங்களுக்குத் தோன்றலாம். எதிர்ப்புத் தெரிவித்தவர்கள் யார் என்று பாருங்கள். பத்திரிகையாளர்கள், மனித உரிமை அமைப்புகளில் பணிபுரிபவர்கள், பெலிங்கேட் போன்ற புலனாய்வுக் குழுக்களைச் சேர்ந்தவர்கள். போர் நடக்கும் நாடுகளில் இவர்களால் நேரில் போக முடியாது. அங்குள்ள மக்கள் செல்போனில் எடுத்துப் போடும் படங்களும் வீடியோக்களும்தான் சாட்சி.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. லிபியா நாட்டின் பெங்காசி நகரில் 33 பேரைச் சுட்டுக் கொன்றது தொடர்பாக, மஹ்மூத் அல் வெர்பல்லி என்ற படைத் தளபதிக்கு எதிராக 2017 ஆகஸ்ட் 15 அன்று சர்வதேச குற்றவியல் நீதிமன்றம் கைது வாரண்ட் பிறப்பித்தது. அந்த வாரண்ட்டுக்கு முக்கிய ஆதாரமாக இருந்தவை சமூக வலைத்தளங்களில் வெளியான வீடியோக்கள். இப்படிப்பட்ட ஒரு வீடியோ கோடிக்கணக்கான பதிவுகளுக்கு நடுவே எங்கோ கிடக்கும். அதனை முதலில் யாராவது தேடிக் கண்டெடுக்க வேண்டும். தேடும் வழி அடைபட்டால், வீடியோ இருந்தும் இல்லாதது போலத்தான்.

மறுபக்கமும் உண்டு

நியாயமாகப் பேச வேண்டும் என்றால் இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். கிராப் சர்ச் வந்த முதல் மாதத்திலேயே, பிரிட்டனைச் சேர்ந்த டாம் ஸ்காட் என்பவர் அதில் சில தேடல்களைச் செய்து, பெயர்களை மறைத்து வெளியிட்டார். திருமணமாகியும் தகாத விஷயங்களுக்கு லைக் போட்டவர்கள், ஒரு தடை செய்யப்பட்ட அமைப்பை விரும்பும் நபர்களின் குடும்பத்தினர் என்றெல்லாம் அது பட்டியல் போட்டுக் கொடுத்தது. சில நாடுகளில் அப்படி ஒரு பட்டியல் தவறான கைக்குப் போனால் உயிருக்கே ஆபத்து.

இதற்கு பேஸ்புக் சொன்ன பதில், "உங்களுக்கு ஏற்கனவே பார்க்க அனுமதி உள்ளவற்றை மட்டுமே சர்ச் காட்டும்" என்பதுதான். அது உண்மையே. ஆனால், முழு உண்மை அல்ல. நீங்கள் உங்கள் பக்கத்தைப் பூட்டி வைத்திருக்கலாம். வேறொருவர் எல்லோருக்கும் தெரியும்படி போட்ட படத்தில் உங்களை டேக் செய்திருந்தால், அல்லது அப்படிப்பட்ட படத்திற்கு நீங்கள் லைக் கொடுத்திருந்தால், அவை அனைத்தையும் கூட்டி ஒரே பக்கத்தில் காட்டியது இந்த வசதி. ஊரெல்லாம் சிதறிக் கிடக்கும் காகிதத் துண்டுகளை ஒருவர் பொறுக்கிச் சேர்த்து உங்கள் வாசலில் ஒட்டுவது போன்ற வேலை இது. ஒரு பெண்ணைத் தொடர்ந்து தொல்லை செய்பவனுக்கு இது எவ்வளவு வசதி என்று எண்ணிப் பாருங்கள். ஸ்டாக்ஸ்கேன் தளமும் இந்த ஆபத்தை மக்களுக்குக் காட்டும் நோக்கத்தில்தான் உருவாக்கப்பட்டது.

ஆகவே, அந்தக் கதவை மூடியதே குற்றம் என்று நான் சொல்ல மாட்டேன். மூடியதற்கு நல்ல காரணம் இருந்திருக்கலாம். சொல்லாமல் மூடியதுதான் தவறு.

ஒரே நிறுவனம், இரண்டு விதம்

"முன்கூட்டியே அறிவித்தால், கெட்ட எண்ணம் கொண்டவர்கள் அந்த இடைவெளியில் எல்லாவற்றையும் அள்ளிக் கொண்டு போய்விடுவார்களே?" என்று ஒரு கேள்வி எழும். நல்ல கேள்வி. இதற்கு பேஸ்புக்கின் வரலாற்றிலேயே பதில் இருக்கிறது.

ஒரு காலத்தில் பேஸ்புக்கில் ஒருவரின் போன் நம்பரையோ இமெயில் முகவரியையோ சர்ச் பாக்ஸில் டைப் செய்தால் அவருடைய பக்கம் வந்துவிடும். பெயர் ஒரே மாதிரி உள்ளவர்கள் ஏராளமாக இருக்கும் இடங்களில் இது மிகவும் உதவியாக இருந்தது. ஆனால், எண்களை வரிசையாகப் போட்டு, விவரங்களைத் திருடும் புரோகிராம்களும் வந்துவிட்டன. கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா விவகாரம் வெடித்த பின்னர், 2018 ஏப்ரல் 4 அன்று பேஸ்புக் இந்த வசதியை நிறுத்தியது. அன்றைக்கே, என்ன நிறுத்துகிறோம், ஏன் நிறுத்துகிறோம் என்று எழுதி வெளியிட்டது. பெரும்பாலான பயனாளர்களின் பொது விவரங்கள் இப்படி எடுக்கப்பட்டிருக்கலாம் என்ற சங்கடமான உண்மையையும் ஒப்புக் கொண்டது.

கவனியுங்கள். கெடு எதுவும் தரவில்லை, உடனே மூடினார்கள். ஆனால், சொன்னார்கள். வசதியை இழந்தவர்களுக்கு வருத்தம் இருந்தது, குழப்பம் இல்லை. அடுத்த ஆண்டு, அதே நிறுவனம், அதே சர்ச் பாக்ஸ். அப்போது மட்டும் மவுனம். திருடர்களுக்கு நேரம் கொடுக்காமலே பயனாளர்களுக்கு மரியாதை தர முடியும் என்பதை அவர்களே செய்து காட்டியிருக்கிறார்கள். பின் ஏன் அடுத்த முறை செய்யவில்லை என்பதுதான் என் கேள்வி.

முன்னரும் நடந்தது

இது பேஸ்புக்கோடு நிற்கும் கதை அல்ல. 1999ல் தொடங்கிய லைவ் ஜர்னல் என்ற தளத்தில் பயனாளர்கள் தங்கள் விருப்பங்களைப் பட்டியலிடுவார்கள். அந்தப் பட்டியல் வழியாகவே ஒத்த எண்ணம் கொண்டவர்களைத் தேடிக் கண்டுபிடிப்பார்கள். 2007 டிசம்பரில் இந்தத் தளத்தை சுப் என்ற ரஷ்ய நிறுவனம் வாங்கியது. 2008 மார்ச்சில், அதிகம் விரும்பப்படும் விஷயங்களின் பட்டியலில் இருந்து சில சொற்கள் ஓசையில்லாமல் காணாமல் போயின. மன அழுத்தம், ரசிகர் கதைகள் போன்றவையும் அவற்றில் அடக்கம். விளம்பரம் இல்லாத இலவச அக்கவுண்ட் புதிதாகத் தொடங்கும் வசதியும் அதே மாதத்தில் சொல்லாமல் நிறுத்தப்பட்டது. பயனாளர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? மார்ச் 21 அன்று ஒரு நாள் முழுவதும் எதுவும் எழுதாமல் வேலைநிறுத்தம் செய்தார்கள். மறைக்கப்பட்ட சொற்கள் பட்டியலுக்குத் திரும்பின.

டம்ளர் தளத்தில் 2013 ஜூலையில் நடந்தது இதைவிடப் பாடம் தரக்கூடியது. அந்த ஆண்டு மே மாதம் யாஹூ நிறுவனம் 110 கோடி டாலர் விலையில் டம்ளரை வாங்குவதாக அறிவித்தது. இரண்டு மாதங்களில் சர்ச்சில் மாற்றம். வயது வந்தோருக்கானவை எனக் குறிக்கப்பட்ட பக்கங்கள் தேடலில் வராமல் போயின. குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதனை வரவேற்பவர்கள் பலர் இருப்பார்கள். ஆனால், அத்துடன் நிற்கவில்லை. மொபைல் அப்ளிகேஷனில் தன்பாலின ஈர்ப்பு கொண்டவர்களைக் குறிக்கும் சாதாரணச் சொற்களைத் தேடினாலும் வெற்றுப் பக்கம் வந்தது. அந்தச் சொற்களின் கீழ் ஆபாசப் படங்கள் அதிகம் வந்ததால் தடுத்தோம் என்று பின்னர் விளக்கினார்கள். ஆனால், தனக்கு நேர்ந்ததைப் பிறரிடம் சொல்ல முடியாமல், அந்தச் சொல்லைத் தேடித் துணை காண வந்த பதினாறு வயதுப் பிள்ளைக்கு அந்த விளக்கம் தெரியாது. "உன்னைப் போல் இங்கே யாரும் இல்லை" என்று கம்ப்யூட்டர் சொல்வதாகத்தான் அவன் எடுத்துக் கொள்வான். பயனாளர்கள் கொதித்து எழுந்தார்கள். நிறுவனம் விளக்கம் தர வேண்டியதாயிற்று.

அண்மைக் காலத்திற்கு வந்தால், 2023 ஜூன் 30 அன்று ட்விட்டர் தளம் லாக் இன் செய்யாதவர்களுக்குப் பதிவுகளைக் காட்டுவதைத் திடீரென நிறுத்தியது. தற்காலிக அவசர நடவடிக்கை என்று உரிமையாளர் எலான் மஸ்க் பின்னர் விளக்கம் சொன்னார். தனிப் பதிவுகளைப் பார்ப்பது சில நாட்களில் திரும்பியது. ஆனால், அக்கவுண்ட் இல்லாதவர்களுக்குத் தேடும் வசதி திரும்பவில்லை.

இலவசம்தானே, என்ன கேள்வி?

"காசு கொடுக்காமல் பயன்படுத்துகிறோம். கொடுத்ததை வாங்கிக் கொள்ள வேண்டியதுதானே?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். பலருடைய எண்ணமும் இதுதான். எனக்கு இதில் உடன்பாடில்லை. நூலகத்திற்கு நூல்களை அரசு வாங்குகிறது. சமூக வலைத்தளத்திற்குச் சரக்கு கொண்டு வருபவர்கள் யார்? நாம்தான். படம் எடுத்தவர் நாம். அதில் யார் இருக்கிறார், எந்த ஊர் என்று குறித்தவரும் நாம்தான். அப்படி நாம் குறித்து வைத்ததால்தான் அங்கே தேடல் என்ற ஒன்றே சாத்தியமாகிறது. அந்தப் பக்கங்களில் விளம்பரம் போட்டு அவர்கள் சம்பாதிக்கிறார்கள். ஆகவே, இது தர்மம் அல்ல, கொடுக்கல் வாங்கல். கொடுக்கல் வாங்கலில் ஒரு தரப்பு விதியை மாற்றினால் மறுதரப்புக்குச் சொல்ல வேண்டும்.

போராட்டத்தால் பயன் உண்டா என்ற சந்தேகமும் பலருக்கு உண்டு. 2006 செப்டம்பர் 5 அன்று பேஸ்புக் நியூஸ் பீட் என்ற வசதியைத் திடீரெனக் கொண்டு வந்தபோது, அதை எதிர்த்து ஒரு மாணவர் தொடங்கிய குழுவில் சில நாட்களிலேயே ஏழு லட்சம் பேர் அளவில் சேர்ந்தார்கள். அப்போது பேஸ்புக்கின் மொத்தப் பயனாளர்கள் ஒரு கோடிக்கும் குறைவு. செப்டம்பர் 8 அன்று ஸக்கர்பெர்க் தவறு நேர்ந்துவிட்டதாக ஒப்புக் கொண்டு, யார் எதைப் பார்க்கலாம் என்று நாமே தீர்மானிக்கும் செட்டிங்குகளைக் கொடுத்தார். நியூஸ் பீட் போகவில்லை. ஆனால், அதன் மீது நமக்கு ஒரு பிடி கிடைத்தது.

2019ல் அப்படி நடக்கவில்லை. காரணம் எளிது. கிராப் சர்ச்சை ஆழமாகப் பயன்படுத்தியவர்கள் சிலர். அவர்களின் குரலோடு நம்மைப் போன்ற சாதாரணப் பயனாளர்களின் குரல் சேரவில்லை. "நமக்கு என்ன?" என்று இருந்துவிட்டோம். அடுத்த முறை காணாமல் போவது நாம் அன்றாடம் பயன்படுத்தும் வசதியாக இருக்கலாம்.

என்ன கேட்க வேண்டும்?

பெரிதாக ஒன்றும் வேண்டாம். மூன்று விஷயங்கள் போதும். முதலாவதாக, தேடல் முறையில் மாற்றம் செய்தால் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். பாதுகாப்புக் காரணமாக முடியாவிட்டால், மாற்றும் நாளிலாவது காரணத்துடன் சொல்ல வேண்டும். இரண்டாவதாக, சில விடைகளை மறைத்திருந்தால் "சில முடிவுகள் காட்டப்படவில்லை" என்று எழுத வேண்டும். "எதுவும் இல்லை" என்று எழுதுவது பொய். மூன்றாவதாக, மற்றவர்கள் எழுதியதைத் தேட எந்தத் தடை போட்டாலும், நாம் எழுதியதை நாமே தேடவும் எடுத்துச் செல்லவும் என்றும் வழி இருக்க வேண்டும்.

இவை நடக்காத ஆசைகள் அல்ல. ஐரோப்பிய யூனியனில் 2024 பிப்ரவரி 17 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்துள்ள டிஜிட்டல் சர்வீசஸ் சட்டம், ஒருவரின் பதிவை மற்றவர் கண்ணில் படாதபடி தள்ளி வைத்தால் அவருக்குக் காரணம் சொல்ல வேண்டும் என்கிறது. எதை மேலே காட்டுகிறோம் என்பதற்கான முக்கிய அளவுகோல்களையும் எளிய மொழியில் வெளியிடச் சொல்கிறது. அங்கே முடிவது எங்கும் முடியும்.

நாம் செய்து கொள்ள வேண்டியவை

அதுவரை நம் கையில் உள்ளதைச் செய்து கொள்வோம்.

1. உங்களுக்கு முக்கியமான பதிவை "பிறகு தேடிக் கொள்ளலாம்" என்று விடாதீர்கள். பார்த்த உடனே அதன் முகவரியை பிரவுசரில் புக்மார்க் செய்திடுங்கள். அல்லது ஒரு நோட்பேட் பைலில் காப்பி செய்து, தேதியுடன் சேமித்து வைத்திடுங்கள்.

2. உங்கள் டேட்டாவை ஆண்டுக்கு ஒரு முறையாவது டவுன்லோட் செய்திடுங்கள். பேஸ்புக் இந்த வசதியை 2010 அக்டோபரில் தந்தது. செட்டிங்ஸ் பகுதியில் இருக்கும். மெனுக்கள் அடிக்கடி இடம் மாறுவதால், செட்டிங்ஸ் பக்கத்தில் உள்ள தேடும் கட்டத்தில் "டவுன்லோட்" என டைப் செய்து பார்க்கலாம். பைல் வகை கேட்கப்பட்டால் ஹெச்.டி.எம்.எல். என்பதைத் தேர்ந்தெடுங்கள். அப்போதுதான் பிரவுசரில் திறந்து படிக்க முடியும். வந்து சேரும் ஜிப் பைலை பென் டிரைவ் ஒன்றிலும் காப்பி செய்து வைப்பது நல்லது. கூகுள், இன்ஸ்டாகிராம் தளங்களிலும் இதே போன்ற வசதி உண்டு.

3. குடும்பப் படங்களுக்குச் சமூக வலைத்தளத்தை ஒரே பெட்டியாக வைத்துக் கொள்ளாதீர்கள். ஒரிஜினல் உங்கள் ஹார்ட் டிஸ்க்கில், தேதியும் நிகழ்ச்சியும் பெயராக அமைந்த போல்டரில் இருக்கட்டும். அங்கே தேடும் வசதியை யாரும் பறிக்க முடியாது.

4. தேடிய ஒன்று கிடைக்கவில்லை என்றால், அது இல்லை என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். வேறு சொல்லில் தேடுங்கள். தமிழில் ஒரு முறை, ஆங்கிலத்தில் ஒரு முறை பாருங்கள். வெளியில் உள்ள சர்ச் இஞ்சின் மூலமும் தேடிப் பாருங்கள்.

5. வழக்கமாக வேலை செய்த வசதி திடீரென நின்றால், தளத்தின் உதவிப் பகுதியில் உள்ள பிரச்னையைத் தெரிவிக்கும் கட்டத்தில் நாலு வரி எழுதுங்கள். இரண்டு நிமிட வேலை. ஒருவர் எழுதினால் குப்பைக்குப் போகும். லட்சம் பேர் எழுதினால் என்ன ஆகும் என்பதை 2006 செப்டம்பரில் பார்த்தோம்.

மேலே சொன்ன ஐந்தில் முதல் மூன்றை இந்த ஞாயிற்றுக்கிழமையே தொடங்கிவிடலாம். நூல்கள் நம்முடையவை. பட்டியல் கார்டுகளில் ஒரு பிரதியாவது நம் வீட்டிலும் இருக்கட்டும்.